மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

தொண்டைநாட்டிலே திருவாலங்காட்டை அடுத்துப் பழையனூர் என்னும் ஊர் உளது. இவ்வூரை ஆலங்காட்டுத் திருக்கோயிலுக்கு முதலாம் இராசேந்திர சோழன் அளித்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறும். ஆயினும் பழையனூர் என்றவுடன் தமிழ்மக்கள் நினைவிற்கு வருவது நீலியின் கதையேயாம். முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்கக் கருதிய அப்பேய், கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனைத் தன் கணவன் என்று வழக்குரைத்தது. குழவியும் வணிகனைத் தந்தையென்று தழுவியது. அதனைச் சான்றாகக் கொண்ட ஊர்வேளாளர் எழுபதின்மரும், அவளுடன் இரவு தங்குமாறு அவனைப் பணித்து, அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக வாக்களித்தனர். மறுநாள் வணிகன் பிணமாய்க் கிடந்தான். எழுபதின்மரும் தீப்பாய்ந்து தம் சொல்லைக் காத்தனர் என்பது வரலாறு.

இக்கதையில் நாம் உணரத்தக்கன இரண்டு. தீர்ப்புக் கூறுவோன் அத்தீர்ப்பின் பாரத்தைத் தானும் சுமத்தல் வேண்டும் என்பது ஒன்று. நேர்மை மாத்திரம் போதாது, சான்றினை ஆராயும் அறிவும் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நியாயாதிபதியாய்ச் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் விளங்கியவர் வேதநாயகம் பிள்ளை. அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்போம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே, 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மைந்தராய்க் கிறிஸ்தவ வேளாளர் குடியில் இவர் தோன்றினார். திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகப் பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார். 1848-இல் அக்கோர்ட்டிலேயே பத்திரங்களைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். இரண்டாண்டுகளின் பின் மொழிபெயர்ப்பாளரானார். குடியானவன் தமிழிற் கூறும் முறையீட்டை ஆங்கிலேய நீதிபதி அறியும்படி செய்தல் அவர் தொழில். ஒரு சொல் பிழைபடின் ஒரு குடும்பத்தின் நிலம் கைமாறும் என்பதை அவ்விருக்கையிலிருந்தே அவர் கண்டறிந்தார்.

அக்காலத்து நியாயஸ்தலங்களின் அமைப்பைச் சிறிது நோக்குதல் நலம். 1816-ஆம் ஆண்டில், ஸர் தாமஸ் மன்றோவின் முயற்சியால், சென்னை மாகாணத்திற் சில சட்டங்கள் பிறந்தன. அவற்றின்படி பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளைக் கிராம முன்சீப் விசாரிக்கலாம். வாதி பிரதிவாதி இருவரும் இசைந்தால் பஞ்சாயத்தார் கூடித் தீர்க்கலாம். இருநூறு ரூபாய் வரையிலான வழக்குகள் ஜில்லா முன்சீப்பைச் சாரும். மேல்விசாரணைக்கு ஜில்லாக் கோர்ட்டும், அதற்கு மேலே சதர் அதாலத்தும் இருந்தன. பழைய பஞ்சாயத்து முறையை உயிர்ப்பிக்க மன்றோ பெரிதும் விழைந்தார். ஆயினும் அதனை நாடிச் சென்றோர் மிகச் சிலரே. மக்கள் முன்சீப் கோர்ட்டையே தேடிச் சென்றனர். எனவே ஏழைக் குடிகளுக்கு அரசாங்க நீதி என்பது முன்சீப்பின் முகமாகவே காட்சியளித்தது.

அத்தகைய பதவியைப் பிள்ளையவர்கள் 1857-இல் ஏற்றார். முதலில் தரங்கம்பாடியிலும், பின்னர்ச் சீகாழியிலும், இறுதியில் நெடுங்காலம் மாயூரத்திலும் முன்சீப்பாய் விளங்கினார். அதனாலன்றோ ஊர்ப்பெயரும் பதவிப்பெயரும் அவர் பெயரோடு பிரியாது ஒட்டிக்கொண்டன! கைக்கூலி வாங்குவோரும் கொடுப்போரும் மலிந்திருந்த அந்நாளில், அவ்விழிதொழிலைத் தாமும் தீண்டாது, பிறரையும் கடிந்து வந்தார். 1859-இல் வெளிவந்த அவரது நீதிநூல் கைக்கூலியின் கொடுமையைத் தனியே எடுத்துக் கண்டிக்கின்றது. நூலில் எழுதியதை ஆசனத்தில் அமர்ந்து நடத்திக் காட்டியமையே அவரது பெருமை.

அவர் செய்த அருஞ்செயல் மற்றொன்று உளது. சதர் கோர்ட்டின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை அறியாத கக்ஷிக்காரன் இருட்டறையில் நிற்பவனை ஒத்தான். இடையில் நிற்போர் சொல்வதே அவனுக்குச் சட்டம். இவ்விருளைப் போக்கக் கருதி, 1805 முதல் 1861 வரை வழங்கப்பட்ட தீர்ப்புகளைத் தமிழிலே தொகுத்துச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேதான் சதர் அதாலத்தும் சுப்ரீம் கோர்ட்டும் ஒன்றாகிச் சென்னை ஹைகோர்ட்டு அமைந்தது. பழைய மன்றம் மறையும் வேளையில், அதன் அறிவை மக்கள் மொழியில் வைத்துக் காத்தவர் பிள்ளையவர்களே.

1872-இல் உத்தியோகத்தினின்றும் விலகிய பின்னரும் அவ்வெண்ணம் அவரை விட்டகலவில்லை. 1879-இல் வெளிவந்ததும் தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படுவதுமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழரே வாதிகளாயும் வக்கீல்களாயும் நீதிபதிகளாயும் இருக்கும் மன்றத்தில் அயல்மொழியில் வாதிப்பது எத்துணைப் பொருந்தாமை என்பதை நகைச்சுவையோடு எடுத்துக்காட்டினார். பெண்கல்வியின் பொருட்டு 1869-இல் பெண்மதி மாலை இயற்றினார். மகாவித்துவான் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையவர்கள் இவருடைய ஆருயிர் நண்பர். 1876 முதல் 1878 வரை வருத்திய தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அது கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடிப் புகழ்ந்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் பிள்ளையவர்கள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவர் எழுப்பிய வினா முற்றும் தீர்ந்ததன்று. தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் வழங்க 1976-இல் சட்டம் இடந்தந்தது. ஹைகோர்ட்டிலோ ஆங்கிலமே இன்றும் வழங்குகின்றது. மன்றோ விரும்பிய பஞ்சாயத்தும் வேறு வடிவிலே திரும்பி வந்துளது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மக்கள் நீதிமன்றத்தில் இருதரத்தாரும் இசைந்து பெறும் முடிவு கோர்ட்டுத் தீர்ப்பின் வலிமையுடையது. அதன்மேல் அப்பீலும் இல்லை. 2005-இல் சென்னை ஹைகோர்ட்டிலே சமரச மையமும் தோன்றியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைத் தொழிலாளியும், திருவாலங்காட்டு உழவனும் தம் வழக்கை இத்தகைய வழிகளில் விரைவாகவும் செலவின்றியும் முடித்துக்கொள்ளக் கூடும். ஆனால் தான் எதற்கு இசைகின்றான் என்பதை அவன் தெளிய உணர்ந்திருத்தல் வேண்டும். உணராது இசைந்தவனுக்குச் சமரசமும் ஒரு நீலியே!

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை வக்கீல்களாகவும் நீதிபதிகளாகவும் விளங்குவீர்கள். பழையனூர் வேளாளரின் வாய்மையையும், மாயூரம் முன்சீப்பின் ஆராய்ச்சியையும் ஒருங்கே கைக்கொள்ளுங்கள். உங்கள்முன் நிற்கும் எளியவன் அறியும் மொழியில் அவன் உரிமையை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வேதநாயகம் பிள்ளைக்கு நாம் எழுப்பத்தக்க ஞாபகச் சின்னம் அதுவேயாம்.