குன்றத்தூர்ச் சேக்கிழார்: அமைச்சும் காப்பியமும்

சென்னைப் பெருநகரின் தென்மேற்கு விளிம்பில், தாம்பரத்துக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்தது குன்றத்தூர். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தொழிற்கூடங்களும் நெருங்கிச் சூழ்ந்துள்ள புறநகராகிய இவ்வூர், சோழர் காலத்தில் சயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர்பெற்ற தொண்டை நாட்டின் புலியூர்க் கோட்டத்தில் இருந்தது. தன் பெயரால் வழங்கிய குன்றத்தூர் நாட்டுக்குத் தலைமையூராகவும் விளங்கியது. ஏரிநீரை நம்பி வாழ்ந்த அந்த வேளாண் நிலத்திலிருந்து சோழப் பேரரசின் அமைச்சராக உயர்ந்து, பின் அப்பதவியை விடுத்துத் திருத்தொண்டர் புராணம் பாடியவர் சேக்கிழார். அவரைத் தொண்டர் சீர் பரவுவாராகவே சைவ உலகம் போற்றி வந்துள்ளது. அரசியல் அறிஞராக அவர் பெற்ற பயிற்சி காப்பியத்தில் எவ்வாறு படிந்துள்ளது என்பது ஒப்பளவில் குறைவாகவே நோக்கப்பட்டுள்ளது. நூலின் சில பகுதிகளைக் கூர்ந்து கற்போர்க்கு, அமைச்சர் பதவியைத்தான் விட்டார், அமைச்சரின் கண்ணை விடவில்லை என்பது புலனாகும்.

குடியும் பணியும்

சேக்கிழார் என்பது வேளாளருள் ஒரு குடிப்பெயர். கல்வெட்டுகளில் இப்பெயருடையோர் பலர் காணப்படுதலின், பெயர் ஒன்றையே கொண்டு ஆளைத் துணிதல் இயலாது. புலவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். தம்பியின் பெயர் பாலறாவாயர். பாலறாவாயர் என்பது திருஞானசம்பந்தரை நினைவூட்டும் பெயர். ஆதலின் தேவாரப் பற்று அக்குடும்பத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது எனக் கொள்ளலாம்.

இளமை குறித்துச் செவிவழிக் கதை ஒன்று வழங்குகிறது. நிலத்தினும், மலையினும், கடலினும் பெரியவை எவை எனச் சோழ மன்னன் வினவினான் என்றும், பெரியோர் திகைத்து நிற்க, இளைஞரான அருண்மொழித்தேவர் திருக்குறளிலிருந்து மூன்று குறட்பாக்களை விடையாக எழுதி அனுப்பினார் என்றும், அதுவே அவருக்கு அரசவையின் வாயிலைத் திறந்தது என்றும் அக்கதை கூறும். இது வரலாறாகாது. எனினும் அமைச்சனுக்கு உரிய தகுதி எது எனத் தமிழ் மரபு கருதியதோ அதனை இக்கதை காட்டுகிறது. வாளோ குலமோ அன்று, காலமறிந்து எடுத்தாளும் நூலறிவே அத்தகுதி.

அவர் பணியாற்றிய மன்னன் அநபாயன். இப்பெயரைக் காப்பியத்துள் பல இடங்களில் சேக்கிழாரே வைத்துப் பாடியுள்ளார். தில்லையைப் பொன்மயமாக்கிய குலோத்துங்கன் என்னும் குறிப்பும் நூலில் உண்டு. இவ்விரண்டும் கி.பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனுக்கே பொருந்துவன. உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டம் சேக்கிழார்க்கு வழங்கப்பெற்றது. இரண்டாம் இராசராசன் காலத்துத் திருமழபாடிக் கல்வெட்டு ஒன்று, குன்றத்தூர்ச் சேக்கிழான் ஒருவனை இதே பட்டத்துடன் குறிப்பிடுகிறது. அவரே நம் புலவர் என மா. இராசமாணிக்கனார் முதலியோர் கொண்டனர். அக்கல்வெட்டில் இயற்பெயர் இராமதேவன் எனக் காணப்படுதலின் ஐயம் முற்றிலும் நீங்கியதாகக் கூறவியலாது. ஆயினும் ஊரும் குடியும் பட்டமும் காலமும் ஒருங்கே பொருந்துதல் எளிதில் தள்ளத்தக்கதன்று.

பணிக்காலத்தில் கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தில் அவர் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். தம் ஊரிலும் அதே பெயரில் ஒரு கோயில் எடுப்பித்தார். வடதிருநாகேச்சரம் என இன்றும் வழங்கும் அக்கோயில், சோழ நாட்டில் பணிபுரிந்த தொண்டை நாட்டவர் ஒருவரின் இருதலைப் பற்றுக்குச் சான்றாகக் குன்றத்தூரில் நிற்கிறது.

நூல் எழுந்த வரலாறு

சேக்கிழாரின் வாழ்க்கைக்கு முதன்மையான ஆதாரம், உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படும் சேக்கிழார் புராணம். அது காப்பியம் எழுந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தோன்றியது. சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் மன்னன் திளைத்திருந்தான். அமைச்சர் அதனை மறுத்துச் சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்தார். மன்னன் அதனையே விரித்துப் பாடுமாறு வேண்டினான். சேக்கிழார் தில்லை சென்று, இறைவனே முதற்சொல் எடுத்துக் கொடுக்க, ஆயிரக்கால் மண்டபத்திலிருந்து பாடி முடித்தார். அரங்கேற்றம் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறுசித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது. மன்னன் அவரை யானைமீது ஏற்றித் தானே கவரி வீசினான் என்பது அந்நூல் தரும் செய்தி.

இவ்வரலாற்றில் அருள்நிகழ்ச்சியை நீக்கி நோக்கினும், அரசியல் நிகழ்ச்சி ஒன்று எஞ்சுகிறது. மன்னனின் சுவையைத் திருத்த முயன்ற அமைச்சர், தாமே அத்திருத்தத்துக்கு உரிய நூலாசிரியராக நேர்ந்தது. இடித்துரைத்தலை அமைச்சின் கடமையாகக் குறள் வகுத்தது. அக்கடமையைக் காப்பிய வடிவில் ஆற்றியவர் தமிழில் இவர் ஒருவரே எனலாம்.

பாடுபொருளைச் சேக்கிழார் புதிதாகப் படைக்கவில்லை. சுந்தரரின் திருத்தொண்டத் தொகை பதினொரு பாடல்களில் அடியார் பெயர்களை நிரல்படுத்தியது. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி அவற்றைச் சற்றே விரித்தது. சேக்கிழார் தனியடியார் 63 பேரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் 2 காண்டம், 13 சருக்கங்களில் அமைத்து, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களாக்கினார். முதற் சருக்கமும் இறுதிச் சருக்கமும் ஒழிந்த பதினொன்றுக்கும் தொகையின் பாடல் முதற்குறிப்புகளே பெயர். கிடைத்த ஆவணத்தின் வரிசையைக் குலைக்காமல், அதன் ஒவ்வொரு பதிவுக்கும் ஊரும் நாடும் குடியும் தொழிலும் தேடிச் சேர்த்த முறை, வரிப்பொத்தகம் கையாண்ட ஒருவரின் முறையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வழக்காடு மன்றம்

இப்பயிற்சி மிகத் தெளிவாக வெளிப்படுமிடம் தடுத்தாட்கொண்ட புராணம். சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் புகுந்து, மணமகன் தமக்கு வழியடிமை எனக் கூறி ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழிக்கிறார். பக்திக் கதைக்கு இவ்வளவே போதும். சேக்கிழாருக்குப் போதவில்லை. வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குக் கொண்டு செல்கிறார். கிழிக்கப்பட்டது படியோலையே, மூல ஓலை வேறு உண்டு என்கிறார் முதியவர். வழக்கை மெய்ப்பிக்க அனுபவ ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்று வேண்டும் எனச் சபையோர் வரையறுக்கின்றனர். மூல ஓலையைக் கரணத்தான் பெற்றுப் பிரித்துப் படிக்கிறான். அடிமை ஓலையின் வாசகம் முழுவதையும் ஒரு செய்யுளாகவே யாத்துள்ளார் புலவர். எழுதிக் கொடுப்பவர் இன்னார், பெறுபவர் இன்னார், இது வழிவழி வருவோரையும் கட்டுப்படுத்தும், இது தம் கையெழுத்தே என்னும் கூறுகள் சோழர் கல்வெட்டு ஆவணங்களின் அமைப்பையே ஒத்துச் செல்கின்றன. சாட்சிக் கையெழுத்துகள் ஆராயப்படுகின்றன. அதன்பின்னும் பாட்டனார் கைச்சாத்து உண்மையானதா என அறிய, காப்பகத்திலிருந்து அவர் எழுதிய வேறோர் ஓலை வருவிக்கப்பட்டு எழுத்து ஒப்பிடப்படுகிறது. அதன் பின்னரே தீர்ப்பு. சிவபெருமானே வாதியாக நின்றபோதும் ஆவணச் சோதனையில் ஒரு படியும் தளர்த்தப்படவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சபையின் வழக்கு முறையை அறிய விழைவோர்க்கு இப்பகுதிக்கு இணையான இலக்கியச் சான்று கிடைத்தல் அரிது.

அமைச்சரைப் பாடிய அமைச்சர்

திருவாரூர்ச் சிறப்பில் மனுநீதிச் சோழன் கதை இடம்பெறுகிறது. கன்றைக் கொன்ற இளவரசனுக்குக் கழுவாய் போதும் என அமைச்சர்கள் கூற, பிறர்க்கொரு நீதி தன் மகனுக்கொரு நீதியா எனச் சினந்து மன்னன் மறுக்கிறான். இக்கதையில் எளிதில் கடந்து செல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. இளவரசன்மீது தேரை ஊரும்படி மன்னன் அமைச்சன் ஒருவனுக்கு ஆணையிடுகிறான். ஆணையை மறுக்கவும் இயலாமல் நிறைவேற்றவும் இயலாமல் அவ்வமைச்சன் தன் உயிரைத் துறக்கிறான். பின்னரே மன்னன் தானே தேரூர்கிறான். விக்கிரம சோழன் காலத்துத் திருவாரூர்க் கல்வெட்டு ஒன்றும் இக்கதையைக் கூறி, அமைச்சனின் பெயரையும் தருகிறது. சேக்கிழார் பெயரைத் தவிர்த்துவிட்டார். பெயரற்ற அவ்வமைச்சன் ஒரு தனியாளாக நில்லாமல், மன்னனின் நீதிக்கும் தன் நெஞ்சுக்கும் இடையே அகப்பட்ட பதவியின் உருவாகவே நிற்கிறான். முடிவில் இறையருளால் கன்றும் இளவரசனும் எழுந்தபோது, அமைச்சனும் எழுந்தான் எனக் கூறப் புலவர் மறந்திலர்.

புகழ்ச்சோழர் புராணத்தில் திறை செலுத்தாத அதிகன்மீது படை செல்கிறது. வென்ற படை கொணர்ந்த தலைக்குவியலில் சடைமுடியுடைய தலை ஒன்றைக் கண்ட மன்னர், தம் ஆட்சியில் நேர்ந்த பிழைக்குத் தாமே பொறுப்பேற்று எரியில் புகுகிறார். படையெடுப்பால் வளர்ந்த பேரரசின் அலுவலர் ஒருவர் இதனைப் பாடினார் என்பது நினைக்கத்தக்கது.

சிறுத்தொண்டரின் வரலாறு சேக்கிழாரின் வாழ்வுக்கே அணுக்கமானது. வாதாபியை அழித்த படைத்தலைவர் பரஞ்சோதியார். அவர் சிவனடியார் என்பதை அறிந்த மன்னன் வருந்திப் பொருள் வழங்கிப் பணியிலிருந்து விடுவிக்கிறான். அவர் தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்புகிறார். பதவியை இழத்தல் இங்குத் தண்டனை அன்று. மன்னன் வேண்டி விடுவிக்க, அடியார் தம் நிலைக்கு மீள்வது. தில்லைக்குச் சென்ற அமைச்சர் இப்பகுதியைப் பாடுகையில் தம்மை எண்ணாதிருந்திருப்பார் எனக் கொள்வது கடினம்.

புலமையும் பதவியும் ஒருவரிடத்தே கூடுதல் கீழை நாடுகளில் பெருவழக்கு. கொரியாவில் அரசுப் பணித் தேர்வே செய்யுள் யாக்கும் திறனையும் சோதித்தது. அந்நாட்டின் சோங் சோல் (1536–1593) ஆளுநராகவும் அமைச்சராகவும் இருந்தவர். பதவி நீங்கிய காலத்தில், தலைவனைப் பிரிந்த பெண்ணின் கூற்றாக மன்னனை நினைந்து பாடியவர். நம் அகத்திணை மரபறிந்தோர்க்கு அது அயலாகத் தோன்றாது. சேக்கிழாரின் திசை நேர்மாறானது. பதவி நீங்கியபின் அவர் பாடியவர்கள் குயவர், வண்ணார், வலைஞர், வேடர், மன்னர் எனப் பலதிறத்தார். அவர்களுள் மன்னரும் தொண்டினாலேயே இடம்பெறுகின்றனர்.

இவ்வறவுணர்வு எங்கும் ஒரே அளவில் இயங்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். பாண்டியன் அமைச்சராகிய குலச்சிறையார், வாதில் தோற்ற சமணரைக் கழுவேற்றும் அரசாணையை நிறைவேற்றுகிறார். சமணர் மடத்துக்குத் தீயிட்டதை முன்னிறுத்தி அதனை முறையான தண்டமாகவே சேக்கிழார் காட்டுகிறார். இந்நிகழ்ச்சிக்குச் சம்பந்தர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. ஒரு கன்றுக்காக அமைச்சன் உயிர்விட்டதை உருகிப் பாடிய புலவர், இங்கு மற்றோர் அமைச்சரின் கையில் ஆணையைத் தயக்கமின்றித் தருகிறார். சிந்தாமணியை மறுத்தெழுந்த நூல் என்னும் மரபுச் செய்தியின் நிழல் இப்பகுதியில் அடர்ந்துள்ளது.

வண்ணார் வரலாற்றில் தாய்நாடு

சோழ நாட்டையும் திருவாரூரையும் நூலின் தொடக்கத்தில் பாடிய சேக்கிழார், தம் தொண்டை நாட்டை எங்கு வைத்தார்? காஞ்சியில் அடியார்க்குத் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் வைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்கள் அந்நாட்டின் ஐவகை நிலங்களையும் தலங்களையும் காஞ்சியின் பெருமையையும் கூறுகின்றன. வண்ணார் கதை இறுதிச் சில செய்யுள்களில் முடிந்துவிடுகிறது. இதனைக் காப்பியச் சமன்குலைவு எனக் குறைகூறலாம். ஆனால் தாய்நாட்டுப் புகழைப் பாட எத்தனையோ வாய்ப்புகள் இருந்தும், அழுக்கு நீக்கும் தொழிலாளி ஒருவரின் வாயிலாகவே அந்நாட்டுக்குள் நுழைய விரும்பினார் என்பதும் உண்மை. திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடியை, குஞ்சுகளோடு திரியும் கோழியும், நாய்க்குட்டிகளும், தோல் பதனிடும் தொழிலும் கண்ணெதிரே தோன்றப் பாடியதும் இதே கண். ஊர்ப்புறச் சேரியை நேரில் கண்டறியாதவர் எழுதக்கூடிய பகுதி அன்று அது.

நூலின் செல்வாக்கு விரைந்து பரவியது. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேச்சுரக் கோயிலில் அடியார் வரலாறுகள் சிறு சிற்பத் தொகுதிகளாகப் பெயர்ப்பொறிப்புடன் அமைந்துள்ளன. பின்னர்ப் பன்னிரண்டாம் திருமுறையாக நூல் ஏற்கப்பட்டது.

சேக்கிழார் குன்றத்தூருக்கு மீண்டு வந்து வாழ்ந்ததாக மரபு கூறவில்லை. தில்லையிலேயே தங்கி அங்கேயே முத்தியடைந்தார் என்பர். வைகாசிப் பூசம் அவர் குருபூசை நாள். அவர் விட்ட அலுவலைத் தம்பி பாலறாவாயர் ஏற்று, தொண்டைமான் என்னும் பட்டத்துடன் தொண்டை நாட்டை ஆண்டார். குன்றத்தூரில் குளம் ஒன்று பாலறாவாயர் பெயரைத் தாங்கியுள்ளது. வடதிருநாகேச்சரத்தில் தமையனார்க்குச் சந்நிதி உண்டு.