கைவிடப்பட்ட குழந்தைகளின் டாக்டர்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் - எந்த ஊர் ஸ்கேன் நிலையத்துக்குப் போனாலும் சுவரில் ஒரு பலகையைக் காணலாம். வயிற்றில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வைத்த பலகை அது.

அதே சட்டம், குழந்தைக்கு 'டவுன் சிண்ட்ரோம்' போன்ற குறை உண்டா என்று சோதிக்க அனுமதிக்கிறது. அந்தப் பேச்சு வரும்போது பெற்றோர் திகைத்துப் போகிறார்கள்.

'டவுன்' என்றதும் டவுன் பஸ் நினைவுக்கு வரலாம். இது அந்த டவுன் அல்ல. ஒரு டாக்டரின் பெயர். அவருடைய கதை இது.

மழைக்கு ஒதுங்கினார்

ஜான் லாங்டன் டவுன் 1828-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி இங்கிலாந்தில் டார்பாயிண்ட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மருந்துக்கடை வைத்திருந்தார். பதினாலு வயதில் பையனும் கடையில் வேலைக்கு நின்றான்.

ஒரு நாள் பெருமழை. பதினெட்டு வயது டவுன் ஒரு குடிசையில் ஒதுங்கினார். அங்கே ஒரு பெண் உபசரித்தாள். அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. இவளைப் போன்றவர்களுக்கு ஏதாவது செய்ய முடியாதா என்ற எண்ணம் அன்றுதான் பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

தகப்பனார் இறந்த பிறகு, 1853-ல் லண்டனில் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் வாங்கினார். பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய பதவி காத்திருந்தது.

யாரும் விரும்பாத வேலை

ஆனால் 1858-ல் அவர் போய்ச் சேர்ந்த இடம் எர்ல்ஸ்வுட். அறிவு வளர்ச்சி குன்றியவர்களை அடைத்து வைத்திருந்த விடுதி அது. நண்பர்கள் வியந்தார்கள்.

டவுன் அங்கே அடிப்பதை நிறுத்தினார். சுத்தத்தைக் கொண்டு வந்தார். மேஜையில் அமர்ந்து ஒழுங்காகச் சாப்பிடவும், கைத்தொழில் செய்யவும் பழக்கினார். எதுவும் வராது என்று ஊர் ஒதுக்கியவர்கள் கற்றுக்கொண்டார்கள்!

1866-ல் ஒரு கட்டுரை எழுதினார். வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், கூடப் பிறந்தவர்கள் போல ஒரே சாயலில் இருப்பதை அதில் விவரித்தார். அந்த நிலைக்குத்தான் பிற்காலத்தில் அவர் பெயரை வைத்தார்கள்.

அவர் செய்த தவறு

அந்தக் கட்டுரையில் தவறும் இருந்தது. முகச் சாயலை வைத்து, மங்கோலிய இனத்தின் பெயரை அவர் இதற்குச் சூட்டினார். அது ஓர் இனத்தையே புண்படுத்தியது. 1965-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பெயரைக் கைவிட்டது.

பெற்றோருக்குள்ள காசநோய்தான் பெரும்பாலும் காரணம் என்றும் எழுதினார். அதுவும் தவறு. உண்மையான காரணத்தை 1959-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். நம் உடலின் அணுக்களில் 'குரோமோசோம்' என்ற நுண்ணிய இழைகள் 46 உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு 21-வது இழை இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது. தாய் செய்த குற்றம் அல்ல. கிரகணமும் காரணம் அல்ல.

நாடகம் நடித்த பிள்ளைகள்

1868-ல் டவுனும் மனைவி மேரியும் 'நார்மன்ஸ்பீல்டு' என்ற சொந்த இல்லத்தைத் தொடங்கினார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அங்கே தங்கினார்கள். தச்சு வேலை, தோட்ட வேலை, பாட்டு எல்லாம் கற்றார்கள். 1879-ல் நாடக மேடையே திறந்தார்கள்!

1896 அக்டோபர் 7-ந் தேதி டவுன் காலமானார். டாக்டர்களான இரு மகன்கள் இல்லத்தை நடத்தினார்கள். 1905-ல் ஒரு மகனுக்குக் குழந்தை பிறந்தது. அந்தப் பேரனுக்கு இருந்தது டவுன் சிண்ட்ரோம்! குழந்தைக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்.

கேட்க வேண்டியது என்ன?

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சந்தேகத்தைத்தான் காட்டும். உறுதி செய்ய, கர்ப்பப்பை நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. ஊசி போடுமுன் அதன் பக்க விளைவுகளைத் தாய்க்கு விளக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் சம்மதம் எழுதி வாங்க வேண்டும். நகலும் தர வேண்டும். 1994-ம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. வயது வந்த தாயின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கவும் சட்டம் இடம் தரவில்லை.

அமெரிக்காவில் 2008-ல் ஒரு சட்டம் வந்தது. இந்தக் குழந்தை எப்படி வளரும், என்ன உதவி கிடைக்கும் என்ற புதிய விவரங்கள் பெற்றோருக்குக் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். நம் 1994 சட்டம் அவ்வளவு விரிவாகப் பேசவில்லை.

ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். இதயத்தில் கோளாறு உண்டா? இக்குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருக்கும். பள்ளிக்குப் போகுமா? 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டப்படி, குறை 40 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வரும் தாய்க்கு, டாக்டரிடம் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கலாம். கூச்சம் வேண்டாம். இவர்களுக்கு ஏதாவது செய்ய முடியாதா என்று அந்த மழை நாளில் பதினெட்டு வயதுப் பையன் கேட்ட கேள்விதான் இத்தனையையும் தொடங்கி வைத்தது.