காலரா கிருமியைக் குடித்த விஞ்ஞானி... தயிரை மருந்தாக்கிய மெச்னிகோவ் எங்கே சரி, எங்கே தப்பு?

ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்ததும் வயிறு கெட்டுப்போனால், வீட்டில் முதலில் வரும் அட்வைஸ் தயிர் சாதம். டாக்டர் எழுதித் தரும் சீட்டிலும் பல நேரம் ஆன்டிபயாடிக்குக்குக் கீழே ஒரு புரோபயாடிக் கேப்சூல் இருக்கும். நல்ல கிருமியை உள்ளே அனுப்பினால் கெட்ட கிருமிக்கு இடம் இருக்காது என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் இலியா மெச்னிகோவ். 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர். பாரிஸில் அவரை எலீ என்று அழைத்தார்கள் (தமிழில் படித்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்). அவர் போட்ட கணக்கில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்பது, குடல் தொற்று போய்ப்போய்த் திரும்பி வரும் ஒரு நோயாளிக்கு ரொம்ப முக்கியம்.

இரண்டு முறை பிழைத்தவர்

1845-ல், இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் பிறந்தார் மெச்னிகோவ். நான்கு வருடப் பட்டப்படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். படித்தது விலங்கியல், மருத்துவம் இல்லை. இது பின்னால் அவருக்குத் தலைவலியாகவும் இருந்தது, பலமாகவும் இருந்தது.

முதல் மனைவி லுட்மிலாவுக்கு காசநோய். கல்யாணத்தன்றே நடக்க முடியாமல், நாற்காலியில் வைத்துத் தேவாலயத்துக்குத் தூக்கிவரும் நிலை. 1873-ல் மடெய்ரா தீவில் அவர் இறந்தார். மனமுடைந்த மெச்னிகோவ் உயிரை விட முயன்று பிழைத்தார். பிறகு ஓல்காவைத் திருமணம் செய்தார். 1880-ல் ஓல்காவுக்குக் கடுமையான டைபாய்டு வந்தபோது, மறுபடியும் அதே முயற்சி. இந்த முறை இருவருமே பிழைத்தார்கள்.

வாழ்க்கையில் அர்த்தமே இல்லை என்று நம்பிய அந்த மனிதர்தான், பின்னாளில் மனிதன் இன்னும் நீண்ட நாள் வாழலாம் என்று புத்தகம் எழுதினார். அவர் வாழ்க்கையில் நம்பவே முடியாத விஷயம் காலரா பரிசோதனை இல்லை, இதுதான்.

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

1882. ஒடெஸா பல்கலைக்கழகத்தில் அரசியல் குழப்பம். வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் மெஸ்ஸினாவுக்குப் போனார். ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பிவிட, இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு வீட்டில் இருந்தார். கண்ணாடி மாதிரி உடல் கொண்ட நட்சத்திர மீன் லார்வாக்களுக்குள், தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன.

வெளியிலிருந்து வரும் எதிரியைத் தேடிப்போய் விழுங்கும் செல்கள் உடம்பிலேயே இருக்கின்றன என்று அவர் சொன்னது இதை வைத்துத்தான். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் சில செய்வதும் இதே வேலைதான். அப்போது பலர் ஏற்கவில்லை. டாக்டரே இல்லாத ஒருவர் நோயைப் பற்றிப் பேசுவதா என்ற கடுப்பும் இருந்தது. 1888-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் தன் நிறுவனத்தில் அவருக்கு ஒரு லேப் கொடுத்தார். கடைசி வரை அதுவே அவர் இடம். இந்த ஆய்வுக்காகத்தான் பால் எர்லிக்குடன் சேர்த்து நோபல் கிடைத்தது. தயிருக்காக இல்லை.

காலராவைக் குடித்தால் என்ன ஆகும்?

சரி, குடலுக்கு வருவோம். 1892-ல் பிரான்ஸில் காலரா பரவியது. ஒரே கிருமி சிலரைக் கொல்கிறது, சிலரை ஒன்றுமே செய்வதில்லை. ஏன்? மெச்னிகோவ் காலரா கிருமியைத் தானே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. லேபில் இருந்த ஒரு தன்னார்வலர் குடித்தார். அவருக்கும் ஒன்றும் இல்லை. அடுத்தவர் குடித்தார். அவர் சாவின் விளிம்பு வரை போய் வந்தார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு பரிசோதனைக்கு அனுமதி தராது. தரவும் கூடாது.

அதன்பிறகு கண்ணாடித் தட்டில் காலரா கிருமியோடு மற்ற கிருமிகளை வளர்த்துப் பார்த்தார். சில, காலராவை வளர விட்டன. சில, தடுத்தன. ஒருவருக்கு நோய் வருமா வராதா என்பதில், அவர் குடலில் ஏற்கனவே குடியிருக்கும் கிருமிகளுக்கும் பங்கு உண்டு என்ற முடிவுக்கு வந்தார். அவர் கணக்கில் சரியான பாதி இதுதான்.

தயிர் மோகம்

தப்பான பாதி பெருங்குடலில் தொடங்கியது. பெருங்குடல் ஒரு குப்பைத்தொட்டி, அங்கே அழுகல் கிருமிகள் உருவாக்கும் நச்சுதான் முதுமையைக் கொண்டுவருகிறது என்று அவர் நம்பினார். லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற சர்ஜன், நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மெச்னிகோவ் கத்தி பக்கம் போகவில்லை. புளித்த பால் கெடாமல் இருக்கிறதே, அந்த அமிலக் கிருமியைக் குடலுக்கு அனுப்பினால் அழுகல் நிற்காதா என்று யோசித்தார். பல்கேரியக் கிராமங்களில் புளித்த பால் குடிப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்ற பேச்சும் அவரை இழுத்தது. பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ், 1905-ல் ஜெனீவாவில் அந்தத் தயிர்க் கிருமியை அடையாளம் கண்டார்.

1904-ல் பாரிஸில் முதுமை பற்றி மெச்னிகோவ் ஒரு பொது உரை நிகழ்த்தினார். அவ்வளவுதான், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. புளித்த பாலும் அந்தக் கிருமி அடைத்த மாத்திரைகளும் அவர் பெயரைச் சொல்லி விற்பனைக்கு வந்தன. இன்றைய வெல்னஸ் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் சோதித்துப் பார்த்தபோது, அந்தப் பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் தங்குவதே இல்லை என்று தெரிந்தது.

ஆன்டிபயாடிக்குக்குப் பின் என்ன நடக்கிறது?

மெச்னிகோவ் காலத்தில் ஆன்டிபயாடிக் கிடையாது. அது வந்தபிறகுதான் அவருடைய சரியான பாதி எவ்வளவு சரி என்று புரிந்தது. ஆன்டிபயாடிக், நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலின் காவல்கார கிருமிகளையும் அழிக்கிறது. காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி.டிஃப், பெருகுகிறது. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களின் கடுமையான குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று 1978-ல் தெரியவந்தது.

இதற்கும் மருந்து ஆன்டிபயாடிக்தான், உதாரணமாக வான்கோமைசின். வயிற்றுப்போக்கு நிற்கும். ஆனால் இந்தக் கிருமி விதை போன்ற ஸ்போர்களாக ஒளிந்துகொள்ளும். காவலும் இன்னும் திரும்பியிருக்காது. அதனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தொற்று மறுபடி வருகிறது. ஒருமுறை திரும்பினால், அடுத்தமுறை திரும்பும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

இங்கே புரோபயாடிக் உதவுமா? தொற்று வருவதற்கு முன் என்றால், ஓரளவு. 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017-ம் ஆண்டு கோக்ரேன் ஆய்வில், ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் சி.டிஃப் வயிற்றுப்போக்கு 4 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைந்தது. ரிஸ்க் அதிகம் உள்ளவர்களுக்கே பலன் அதிகம். வந்த தொற்று திரும்பாமல் தடுக்குமா என்றால், ஆதாரம் பலவீனம். சாக்கரோமைசஸ் போலார்டி என்ற ஈஸ்ட், 1994-ல் ஒரு ஆய்வில் நம்பிக்கை தந்தது. ஏற்கனவே தொற்று திரும்பியிருந்தவர்களில் மறுபடி திரும்புவது 65 சதவீதத்திலிருந்து 35 ஆனது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதியாக வழிமொழியவில்லை. 2021-ல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி, தொற்று திரும்புவதைத் தடுக்க புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு இந்த ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு ட்விஸ்ட். 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவர்களுடைய சொந்தக் கிருமிகள் திரும்புவது, எதுவுமே எடுக்காதவர்களைவிடத் தாமதமானது. சிறிய ஆய்வுதான், கலந்துகொண்டவர்களும் ஆரோக்கியமானவர்கள். இருந்தாலும் யோசிக்க வைக்கிறது.

அப்படியானால் எது வேலை செய்கிறது? ஒற்றைக் கிருமி இல்லை, முழுக் கூட்டம். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை. கேட்கவே ஒரு மாதிரி இருக்கலாம். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தொற்று திரும்பத் திரும்ப வந்த 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இந்த வகையில் அமெரிக்கா 2022-ல் ஒரு மருந்துக்கும், 2023-ல் கேப்சூல் வடிவ மருந்துக்கும் அனுமதி கொடுத்தது.

ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ, முடித்து சில வாரங்களுக்குள்ளோ ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனால், காய்ச்சலோ ரத்தமோ இருந்தால், தயிரை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போக வேண்டும். சி.டிஃப்பா என்று மலப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

மெச்னிகோவ் கடைசிவரை தினமும் புளித்த பால் குடித்தார். பச்சையாக எதையும் சாப்பிடுவதைத் தவிர்த்தார். முதல் உலகப்போர் தொடங்கியதும் பாஸ்டர் நிறுவனத்தின் இளம் ஆய்வாளர்கள் போர்முனைக்குப் போய்விட, லேப் வெறிச்சோடியது. இதயநோய் முற்றி, 1916 ஜூலை 15 அன்று 71 வயதில் இறந்தார். அதற்கு முன், தன் உடலைப் பரிசோதிக்கும்போது குடலை நன்றாகப் பார்க்கும்படி டாக்டர் நண்பரிடம் சொல்லிவைத்திருந்தார். அவரது அஸ்தி இன்றும் பாஸ்டர் நிறுவன நூலகத்தில், ஒரு கலசத்தில் இருக்கிறது.