சங்கிலியின் நீளம்

திருநகரில் நான் சிறுவனாக இருந்த 1970-களின் தொடக்கத்தில், எங்கள் தெருவின் கடைசி வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு நாட்டுக் குரங்கு கட்டிப்போடப்பட்டிருந்தது. இடுப்பில் தோல்வார், அதிலிருந்து மரம் வரை இரண்டு முழச் சங்கிலி. பள்ளி விட்டு வரும் நாங்கள் வேர்க்கடலை வீசுவோம். அது பிடித்துத் தின்னும். அதன் இடக்கை மட்டும் மயிரின்றி வெறுமையாக இருந்தது. சொறி என்று பெரியவர்கள் சொன்னார்கள். துணையும் செய்வதற்கு வேலையும் இல்லாத குரங்கு தன் மயிரைத் தானே பிடுங்கிக்கொள்ளும் என்று நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. அதே வேளையில், பக்கத்துத் திருப்பரங்குன்றம் மலையில் அதன் இனத்தவை கூட்டமாக அமர்ந்து, ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

இவ்வளவு குட்டையான சங்கிலியில் ஒரு விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம் என்று அப்போதே சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் எங்கள் மதுரையில் பிறந்த ஒரு பெண்மணி. ருக்மிணி தேவி அருண்டேல் என்றதும் பரதநாட்டியமும் கலாக்ஷேத்திராவும் நினைவுக்கு வரும்; குரங்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வுக்குப் பின் குடும்பம் சென்னை அடையாறில் குடியேறியது. 1920-இல், பதினாறு வயதில், தம்மைவிட இருபத்தைந்து ஆண்டுகள் மூத்தவரான ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தபோது சென்னையே கொந்தளித்தது. 1935-இல் அவர் மேடையேறி ஆடியபோது மீண்டும் கொந்தளித்தது. அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா தோன்றியது. அந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள்; நான் சொல்ல வருவது வேறு.

1952-இல் அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். கலைக்காக நியமிக்கப்பட்டவர் கலையைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ விலங்குகள் வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆங்கிலேயர் காலத்து 1890-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அவருடைய வாதத்துக்குச் செவிசாய்த்த பிரதமர் நேரு, அரசே ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்தார். அதை ஏற்று மசோதாவைத் திரும்பப் பெற்றார் ருக்மிணி தேவி. சட்டம் வர 1960 ஆயிற்று.

அந்த இடைவெளியில் குரங்குகளுக்கு நேர்ந்ததை நாம் மறந்துவிட்டோம். இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைக் குரங்கின் சிறுநீரகத் திசுவில்தான் தயாரிக்க முடிந்தது. வட இந்தியக் காடுகளிலும் வயல்களிலும் பிடிபட்ட செம்முகக் குரங்குகள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில், வழியில் நிறுத்திவைக்கப்பட்ட ஏறக்குறைய 400 குரங்குகள் மூச்சுத்திணறி இறந்தன. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. விரைவிலேயே நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதித்தது. இந்த ஏற்றுமதியை இடைவிடாமல் எதிர்த்தவர்களுள் ருக்மிணி தேவியும் ஒருவர்.

இங்கே நான் தயங்குகிறேன். எங்கள் வகுப்பிலேயே கால் சூம்பிய நண்பன் ஒருவன் இருந்தான். அவனைப் போன்ற இலட்சக்கணக்கான குழந்தைகளை அந்த மருந்து காத்தது. ஆயினும், மருந்துக்கென்று சொல்லி அனுப்பப்பட்டவை எல்லாம் மருந்துக்கே பயன்பட்டனவா என்ற கேள்வி நியாயமானது. பிற்காலத்தில் அணுக்கதிர்வீச்சைத் தாங்கும் திறனைச் சோதிக்க அமெரிக்க ராணுவ ஆய்வகங்கள் குரங்குகளைப் பயன்படுத்தியது வெளிவந்தது. 1977-இல் மொரார்ஜி தேசாய் அரசு தடையை அறிவித்தது. 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதி நின்றது. இதே மொரார்ஜிதான் 1977-இல் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக்க முன்வந்தார். அவர் மறுத்துவிட்டார். அப்போது அவர் விலங்குகள் நல வாரியத்தின் தலைவர். 1962-இல் சென்னையில் அமைந்த அந்த வாரியத்தை இறுதிவரை அவரே நடத்தினார்.

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை அண்மையில் மீண்டும் படித்தேன். கூண்டின் நீளம், அகலம், உயரம் விலங்கு ஓரளவு நடமாடப் போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. சங்கிலி அளவுக்கு மீறிக் குட்டையாகவோ கனமாகவோ இருக்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் போதிய நீளமுள்ள சங்கிலியில், போதிய உயரமுள்ள கூண்டில், ஆயுள் முழுவதும் தனியே இருக்கும் குரங்கைப் பற்றி அந்த வரிகளில் ஒன்றுமில்லை. மீறினால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றும் அதே தொகைதான்.

தனிமை என்ன செய்யும் என்பது அப்போதே தெரியவந்திருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ, தாயிடமிருந்து பிரித்த செம்முகக் குரங்குக் குட்டிகளுக்குக் கம்பியாலும் துணியாலும் பொம்மைத் தாய்களைச் செய்துகொடுத்தார். பால் தந்த கம்பித் தாயைவிட, பால் தராத துணித் தாயையே குட்டிகள் கட்டிக்கொண்டன. 1958-இல் இதை உலகறியச் சொன்னார். பிறகு, மாதக்கணக்கில் முற்றிலும் தனியே அடைக்கப்பட்ட குட்டிகள், வெளியே வந்தபின் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டும் தம்மைத் தாமே கடித்துக்கொண்டும் இருந்தன. பிற குரங்குகளோடு சேரத் தெரியவில்லை. கொடுமையான சோதனை, ஆயினும் அது காட்டிய உண்மையை ஒதுக்க முடியாது. ஆய்வகக் குரங்குகளின் மனநலத்துக்கும் ஏற்ற சூழல் வேண்டும் என்று அமெரிக்கா 1985 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியது. இன்று உலகின் நல்ல விலங்குக் காட்சியகங்களில் குரங்குகளைக் கூட்டமாக வைக்கிறார்கள். ஏற மரக்கிளையும் கயிறும் தருகிறார்கள். உணவைத் தட்டில் வைக்காமல், தேடி எடுக்கும்படி மறைத்து வைக்கிறார்கள். காட்டில் பகலின் பெரும்பகுதி இரைதேடுவதிலேயே கழியும் விலங்குக்கு அதுவே வேலை.

சென்னையில் மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறம் நெருக்கடியில் இருந்த பழைய விலங்குக் காட்சிச்சாலை, 1985-இல் வண்டலூர்க் காட்டுப் பரப்புக்கு இடம்பெயர்ந்ததை ருக்மிணி தேவி உயிரோடு இருந்து கண்டார். 1986 பிப்ரவரி 24 அன்று மறைந்தார். குரங்காட்டி வித்தைக்குத் தடை வந்தது அதன் பிறகுதான்: அவர் போராடிப் பெற்ற சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ், 1990-களில் குரங்கும் வித்தை காட்டக் கூடாத விலங்குகளின் பட்டியலில் சேர்ந்தது.

எங்கள் தெருக் குரங்கு ஒரு கோடையில் இறந்துபோனது. வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர். தினமும் இரண்டு வாழைப்பழம் கொடுப்பார். இறந்த அன்று மரத்தடியிலேயே குழிதோண்டிப் புதைத்து மஞ்சள் தெளித்தார். அடுத்த மாதம் அதே சங்கிலியில் ஒரு நாய்க்குட்டி கட்டப்பட்டிருந்தது.