நிலப் பதிவை மாற்றிய சுங்க அதிகாரி: யார் இந்த ராபர்ட் டோரன்ஸ்?

ஒரு மனை வாங்கணும்னா தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீலின் லீகல் ஒப்பீனியன் என்று அலைகிறோம். அப்படியும் பயம் போவதில்லை. ஏன்? இங்கே பதிவாவது பத்திரம்தான். நிலம் யாருடையது என்பதற்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. இதற்கு 1858-லேயே தீர்வு கொண்டுவந்தவர் ராபர்ட் ரிச்சர்ட் டோரன்ஸ்.

யார் இவர்?

அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்தைத் திட்டமிட்டவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர். 1840-ல் அடிலெய்டு வந்து சுங்க அதிகாரியானார் டோரன்ஸ். இவர் வக்கீல் அல்ல.

என்ன பிரச்சினை?

அங்கே இருந்தது இங்கிலாந்து முறை. நிலம் கைமாறும் ஒவ்வொரு முறையும் பழைய பத்திரங்களை எல்லாம் சரிபார்க்கணும். நடுவில் ஒன்று காணாமல் போனாலும் உரிமையே ஆட்டம் கண்டுவிடும். ஆனால், கப்பல்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதில் பெயர் மாறினால் உரிமையாளர் மாறிவிட்டார், அவ்வளவுதான். நிலத்துக்கும் இதையே செய்தால் என்ன என்று யோசித்தார்.

வக்கீல்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மக்கள் ஆதரவு டோரன்ஸ் பக்கம் இருந்தது. 1857 செப்டம்பரில் பிரதமரானவரின் ஆட்சி ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. ஆனாலும் அவருடைய மசோதா 1858 ஜனவரியில் சட்டமானது. ஜூலையில் அமலுக்கு வந்தது.

எப்படி வேலை செய்யும்?

* பதிவேட்டில் யார் பெயரோ, அவரே உரிமையாளர்.
* வாங்குபவர் பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டாம்.
* பதிவில் நடந்த தவறால் ஒருவர் நிலத்தை இழந்தால், அதற்கான நிதியிலிருந்து இழப்பீடு.

முதல் தலைமைப் பதிவாளரும் டோரன்ஸ்தான். மற்ற ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள், நியூசிலாந்து, பிறகு மலேசியா, சிங்கப்பூர் வரை இந்த முறை பரவியது. பின்னர் பிரிட்டன் திரும்பி, 1868 முதல் 1874 வரை கேம்பிரிட்ஜ் எம்.பி.யாக இருந்தார். 1884-ல் இறந்தார்.

மறுபக்கம் என்ன?

இந்த யோசனையில் உல்ரிச் ஹ்யூபே என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞரின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அடிலெய்டு சமவெளி கௌர்னா பழங்குடிகளின் மண். பதிவேடோ ஆங்கிலேய அரசு கொடுத்த நிலத்திலிருந்துதான் தொடங்கியது. பழங்குடிகளின் நில உரிமையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஏற்றது 1992-ல்தான்.

உறுதியான நில உரிமைச் சான்று என்ற இலக்கை இந்தியாவும் 2008 முதல் பேசிவருகிறது. ஆவணங்களைக் கணினியில் ஏற்றிவிடலாம். ஆனால், முதல் வரியில் யார் பெயரை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.