பொறுப்பைப் பகிர்ந்தளித்த தந்தை: டி.வி. சுந்தரம் அய்யங்கார்

மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அண்ணா சாலைக்குச் செல்வோர் டி.வி.எஸ். பேருந்து நிறுத்தத்தை நன்கறிவர். அவ்வெழுத்துகள் ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில், வைணவக் குடும்பமொன்றில், 1877-ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தரம் அய்யங்கார். வழக்கறிஞர் தொழில், இரயில்வே, வங்கி என முயன்று பார்த்து, எதிலும் நிலைகொள்ளாமல், 1911-இல் சொந்தத் தொழில் தொடங்கினார். மதுரை அவருடைய நிலைக்களமாயிற்று. அவருடைய பேருந்துகள் குறித்த நேரம் தவறாதவை எனப் பெயர் பெற்றன. சாலையில் உதிர்ந்து கிடந்த ஆணிகள் சக்கரங்களைப் பழுதாக்கியபோது, காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டு அவற்றைத் திரட்டினார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அரிதானபோது கரிவாயுவால் வண்டிகளை ஓட்டச் செய்தார்.

இத்தகைய தொழில்திறன் பலரிடம் உண்டு. தாம் வளர்த்ததைத் தம் கையைவிட்டு நெகிழவிடும் மனம் சிலரிடமே உண்டு. இல்லறத்தார் பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் விரதத்தை நம் இல்லங்கள் அறியும். அதிகாரத்துக்கு எல்லை வகுப்பது அதனினும் கடினம். கூட்டுத்தொழில் நடத்தும் குடும்பங்களில் முதியவர் இறுதிவரை சாவியை விடாமையால் விளையும் மனத்தாங்கல் எத்துணை!

சுந்தரம் அய்யங்கார் புதல்வர்களைத் தொழிலில் ஈடுபடுத்தி, முதுமையில் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்து விலகினார். புதல்வருள் ஒருவரான துரைசாமி முன்பே மறைந்தமையால், இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோரின் நான்கு கிளைகளாகக் குடும்பம் அமைந்தது. உரிமை பொதுவில் இருந்தது. நிர்வாகமோ தனித்தனியே நடந்தது. சந்தானம் 1954-இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தை இரண்டு இலட்சம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கினார். மறு ஆண்டு ஏப்ரல் 28 அன்று தந்தை கொடைக்கானலில் காலமானார். 1962-இல் சீனிவாசனின் முயற்சியால் சுந்தரம் கிளேட்டன் உருவாயிற்று.

இவ்வேற்பாட்டின் வலிமை 1972-இல் விளங்கிற்று. குடும்பத்தின் ஆணிவேராகிய பேருந்துகளை அரசு நாட்டுடைமையாக்கிற்று. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. ஒரே தொழிலை நம்பியிருந்தால் அக்குடும்பம் அன்றே தளர்ந்திருக்கும். கிளைகள் பல திசைகளில் வேரூன்றியிருந்தமையால் தாங்கிற்று.

குறையில்லாத வரலாறு அன்று இது. மகள் சௌந்தரம் இளமையில் கணவரை இழந்தபின் தில்லியில் மருத்துவம் பயின்று மருத்துவரானார். ஆசாரம் மிக்க குடும்பத்தில் அக்காலத்தில் அது அரிது. ஆனால் அவர் ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் உடன்படவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கச் செய்து, மனம் மாறாமை கண்டு, 1940-இல் தம் முன்னிலையில் மணம் நடத்திவைத்தார். 1947-இல் அவ்விணையர் காந்திகிராமத்தை நிறுவினர். தந்தையின் தொழிலோ புதல்வர் கிளைகளின் வழியே மட்டும் தொடர்ந்தது. கிளைகளை எண்ணும்போது மகளை எண்ணாமை அக்காலத்து வழக்கம். ஆயினும் குடும்பம் நிறுவனம் நடத்தும் கலையில் அவ்வளவு தொலைநோக்குடையவர் இதில் வழக்கத்தோடு நின்றுவிட்டார் என்றே கூறவேண்டும்.

பொது உரிமை நெடுங்காலம் நீடித்தது. 2022-இல் கிளையினர், தத்தம் நிர்வாகத்தில் இருந்த நிறுவனங்களின் உரிமையையும் தத்தமக்கே ஆக்கிக்கொண்டனர். அதற்குள் நிறுவனர் மறைந்து அறுபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன. நான்காம் தலைமுறை பொறுப்புக்கு வந்திருந்தது.