மழைக்கோட்டு தந்த குமாஸ்தா

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் மழைக்கோட்டு இல்லாமல் ஆபீசுக்குப் புறப்பட முடியாது. அந்தக் கோட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தவரும் ஆரம்பத்தில் ஒரு குமாஸ்தாதான். பெயர் சார்லஸ் மெக்கின்டாஷ். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 1766 டிசம்பர் 29-ஆம் தேதி பிறந்தார்.

தந்தை ஜார்ஜ் சாயப்பொருள் தயாரித்தவர். மகனோ ஒரு வணிக நிலையத்தில் கணக்கு எழுத உட்கார்ந்தார். கை பேரேட்டில் இருந்தாலும் மனம் ரசாயனத்தில்தான். ஓய்வு நேரமெல்லாம் அதிலேயே கழிந்தது. 20 வயது நிறையுமுன் வேலையை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கினார். 1797-இல் படிகாரத் தொழிற்சாலை கண்டார். 1799-இல் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற சலவைத் தூளிலும் இவருக்குப் பங்கு உண்டு.

அப்போது கிளாஸ்கோவில் நிலக்கரி வாயு விளக்குகள் வந்தன. வாயு எடுத்தபின் எஞ்சிய கழிவை மெக்கின்டாஷ் விலைக்கு வாங்கினார். அவருக்கு வேண்டியது சாயத் தொழிலுக்கான அம்மோனியா. கூடவே வந்த தாரை என்ன செய்வது? அதை வடித்து நாப்தா என்னும் எண்ணெய் எடுத்தார். பென்சில் கோட்டை அழிக்க உதவிய ரப்பர் அதில் கரைந்தது. அந்தக் கரைசலைத் துணியில் பூசி, மேலே இன்னொரு துணியை ஒட்டினார். பிசுபிசுப்பு உள்ளே அடங்கியது. தண்ணீர் வெளியே நின்றது. 1823-இல் காப்புரிமை கிடைத்தது.

ரப்பரை இப்படிக் கரைக்கும் வழியை எடின்பரோ மருத்துவ மாணவர் ஜேம்ஸ் சைம் முன்பே கண்டிருந்தார். அவர் அதற்குக் காப்புரிமை தேடவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆனார். கண்டவர் ஒருவர், காசாக்கியவர் வேறொருவர் என்பது தொழில் உலகில் புதிதல்லவே!

மான்செஸ்டரில் பர்லி குடும்பத்தாருடன் சேர்ந்து ஆலை தொடங்கினார். துணி நன்றாகத்தான் இருந்தது. வம்பு தையலில் வந்தது. தையற்காரர்கள் அதைச் சாதாரணத் துணி போலவே வெட்டித் தைத்தார்கள். ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் மழைநீர் உள்ளே இறங்கியது. கம்பளியில் இயற்கையாக உள்ள எண்ணெய் ரப்பரைக் கெடுத்தது. குளிரில் கோட்டு பலகைபோல் விறைத்தது, வெயிலில் ஒட்டியது. நாற்றம் வேறு. காசு கொடுத்து வாங்கியவன் நனைந்தால் பழி தையற்காரர் மேலா விழும்? துணிக்காரர் மேல்தான்!

கடைசியில் ஆலையே கோட்டுகளைத் தைக்க முன்வந்தது. தையல் போட்ட இடங்களில் நீர் புகாதபடி அடைத்தார்கள். இன்றும் நல்ல மழைக்கோட்டை உள்புறம் திருப்பிப் பார்த்தால், தையலின்மேல் நீளப் பட்டை ஒட்டியிருப்பதைக் காணலாம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

வெயிலுக்கும் குளிருக்கும் மாறாத ரப்பர்தான் பாக்கி. ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். மெக்கின்டாஷின் பங்காளி தாமஸ் ஹான்காக் அதற்கு இங்கிலாந்தில் 1843 நவம்பரில் காப்புரிமை பெற்றார். மெக்கின்டாஷ் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 25-ஆம் தேதியே கிளாஸ்கோவில் காலமாகிவிட்டார். கோட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஓர் எழுத்து எப்படியோ கூடிவிட்டது.